முளைக்கும் பயறு எங்கே?

முளைகட்டிய பயறு உடலுக்கு நல்லது என்று எழுதாத பத்திரிகை இல்லை. சொல்லாத மருத்துவரும் இல்லை. உலர்ந்த பயற்றில் பெயரளவுக்கே இருக்கும் வைட்டமின் சி, அது முளைவிடத் தொடங்கியதும் பெருகுகிறது. முதல் உலகப்போரின் கடைசி ஆண்டாகிய 1918இல், ஸ்கர்வி நோயுற்ற செர்பியப் படைவீரர்களுக்கு முளைகட்டிய அவரை விதைகளைக் கொடுத்துக் குணங்கண்ட செய்தி மருத்துவ ஏடுகளில் உண்டு. எனவே முளைப்பயற்றின் பெருமையை நான் புதிதாகப் பாட வேண்டியதில்லை. ஆனால் 'முளைகட்டி உண்ணுங்கள்' என்று அறிவுரை கூறுவோர், எந்தப் பயற்றை எங்கே வாங்குவது என்பதை மட்டும் கூறக் காணோம். அந்த ஒரு கேள்வியே இக்கட்டுரை.

பயறு முளைக்க வேண்டுமானால் முதலில் அது உயிரோடு இருக்க வேண்டும். தாவரவியல் மாணவிக்கு இது பாலபாடம். மளிகைக் கடைக்காரருக்கோ இது தேவையற்ற செய்தி. அவர் விற்பது வேகவைக்கும் பண்டம். உயிரற்ற பயறும் நன்றாகவே வேகும். தாளித்துக் கொட்டினால் சுண்டலாகும். ஆகவே அவரைக் குறை கூறிப் பயனில்லை. ஆனால் அதே பயற்றை ஈரத்துணியில் கட்டினால் இரண்டாம் நாள் நுரைத்து நாற்றமெடுக்கிறது. அருகிலிருக்கும் நல்ல பயற்றையும் கெடுத்துவிடுகிறது. நம் வீடுகளில் அப்போது பழி விழுவது துணி கட்டிய பெண்ணின் 'கைராசி' மீதுதான்!

விதை நெடுங்காலம் உயிரோடிருக்க வல்லது. இஸ்ரேல் நாட்டு மசாடாக் கோட்டையில் கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுடைய பேரீச்சங்கொட்டை ஒன்று 2005ஆம் ஆண்டில் முளைத்தது. ஆனால் அது பாலைநிலத்தின் வறட்சியில் கிடந்த விதை. விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் இருமடங்காகும் என்பது விதையியலார் கூறும் பொதுக் கணக்கு. ஈரம் ஏறினால் கணக்கும் தலைகீழ். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாய் திறந்த மூட்டையில் கிடக்கும் பயற்றின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

"அப்படியானால் விதைக்கடையிலேயே வாங்கிவிடலாமே!" என்பார் பலர். எங்கள் பக்கத்து வீட்டு அத்தையும் அவ்வாறே சென்ற ஆண்டு இரண்டு கிலோ வாங்கி வந்தார். பயற்றின்மேல் இளஞ்சிவப்பாகத் தூள் பூசியிருந்தது. "அத்தை, பையில இருக்கிற சீட்டைப் படிச்சீங்களா?" என்றேன். "நாலு தண்ணி விட்டுக் கழுவினா போயிடும்டி" என்றார். அத்தூள் பூஞ்சாணக்கொல்லி. திராம், கார்பென்டசிம் போன்ற மருந்துகளை விதைநேர்த்திக்குப் பயன்படுத்துகிறார்கள். தவறுதலாக யாரும் உண்டுவிடக் கூடாதென்றே சாயமும் கலக்கிறார்கள். நான்கு தண்ணீரல்ல, நாற்பது தண்ணீர் விட்டாலும் அது உணவாகாது. 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டத்தையொட்டி 1968இல் வந்த விதிகள், இவ்வாறு நச்சு மருந்திட்ட விதைப் பையில் உணவுக்கோ தீவனத்துக்கோ எண்ணெய் எடுக்கவோ பயன்படுத்தக் கூடாதென அச்சிட வேண்டும் என்கின்றன. அச்சிட்டுத்தான் இருந்தது, எறும்பு எழுத்தில். "எதற்கு வாங்குகிறீர்கள்?" என்று அந்தக் கடையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இங்கேதான் வேடிக்கையான முரண் ஒன்றைக் காண்கிறேன். நிலத்தில் ஊன்றும் விதையை விற்பவர் அதன் முளைப்புத்திறனைச் சீட்டில் காட்டியாக வேண்டும். சான்று பெற்ற பாசிப்பயறாயின் குறைந்தது 75 விழுக்காடு முளைக்க வேண்டும். ஈரப்பதம் 9 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆனால் வயிற்றுக்காக முளைகட்டும் பயற்றுக்கு அத்தகைய சீட்டு இல்லை. நான் பார்த்த மளிகைப் பொட்டலங்களில் பொட்டலமிட்ட நாள் இருக்கிறது. அறுவடை செய்த மாதம் இல்லை. மூன்றாண்டுப் பயற்றை நேற்றுப் பொட்டலமிட்டால் அது நேற்றைய பயறாகிவிடுகிறது! கூட்டுறவுப் பண்டகசாலைகளேனும் அறுவடை மாதத்தை அச்சிட்டு வழிகாட்டலாம் என்பது என் வேண்டுகோள். ஒரு வரி அச்சுக்கு என்ன செலவாகிவிடும்?

அதுவரை நாமே தேட வேண்டியதுதான். காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பாக, நெல் நிற்கும்போதே ஈர மண்ணில் பயற்றைத் தெளிக்கிறார்கள். அது பங்குனி, சித்திரையில் களத்துக்கு வருகிறது. தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்து மானாவாரி நிலங்களில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்ததை மார்கழி, தையில் எடுக்கிறார்கள். இந்த மாதங்களில், விளைவித்தவரிடமோ வாரச்சந்தையிலோ வாங்குவதே மேல். உடைத்த பருப்பு எக்காலத்தும் முளைக்காது. தோலோடு கூடிய முழுப்பயறே வேண்டும். எண்ணெய் தடவியதுபோல் மின்னும் பயற்றைக் கண்டு மயங்க வேண்டாம். மெருகு ஏற்றியதாக இருக்கலாம். மேலே வெண்புள்ளிபோல் ஒட்டியிருப்பது பயறு வண்டின் முட்டை. ஓட்டை விழுந்த பயறு வண்டு வெளியேறிய பயறு. வேப்பிலைச் சருகு கலந்து பானையில் வைத்த பாட்டிமார்கள் இந்த வண்டை நன்கறிவர்.

தார்ச்சாலையில் பரப்பி, வண்டிகள் ஏறிச் செல்லவிட்டு அடித்த பயற்றை நான் வாங்குவதில்லை. விதையுறைக்குள் முளைக்கரு நசுங்கியிருக்கலாம் என்பது ஒரு காரணம். ஆடுமாடுகள் நடக்கும் வழியின் அழுக்கு மற்றொரு காரணம். இதைச் சிறிதாக எண்ணிவிடக் கூடாது. 2011ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் வெந்தய முளை உண்டவர்களிடையே ஈகோலி என்னும் நுண்ணுயிர் பரவி, 50 பேருக்கு மேல் மாண்டனர். எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையோடு அது வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவுகட்டினர். முளை வளர்வதற்கேற்ற ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் உகந்தவையாயிற்றே! குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் முதியோருக்கும் முளைப்பயற்றை நன்றாக ஆவியில் வேகவைத்தே கொடுக்க வேண்டும். வைட்டமின் சிறிது குறையட்டும், பாதகமில்லை.

எங்கே வாங்கினாலும் ஒரு சோதனை செய்யாமல் நான் கிலோக்கணக்கில் வாங்குவதில்லை. முதலில் கால் கிலோ வாங்குவேன். பொறுக்காமல், கைக்கு வந்தபடி 100 பயறு எண்ணி, இரவு ஊறவைத்து, காலையில் நீரை வடித்து ஈரத்துணியில் சுற்றிவிடுவேன். அரசின் விதைப் பரிசோதனை நிலையங்களில் 400 விதை எடுப்பார்கள். வீட்டுக்கு இது போதும். இரண்டு நாளில் வெள்ளை முளை தெரிந்தவற்றை எண்ணினால் விழுக்காடு தானே கிடைத்துவிடும். 90க்கு மேல் முளைத்தால் அதே மூட்டையில் மேலும் வாங்குவேன். ஊறாமல் கல்லாய்க் கிடப்பவை இறந்தவை அல்ல. நீர் புகாத தோலுடையவை. ஆனால் பல்லுக்கு ஆபத்தானவை. பொறுக்கி எறிய வேண்டும்.

75க்குக் கீழே போனால் அந்தப் பயற்றை முளைகட்டுவதில்லை. மீந்திருக்கும் உலர்ந்த பயற்றைக் குப்பையில் கொட்டவும் வேண்டாம். தேங்காய்த் துருவலும் ஒரு கிள்ளுப் பெருங்காயமும் இருந்தால், மாலைச் சுண்டலுக்கு அது தாராளமாக ஆகும்.