பரணில் இருப்பதெல்லாம் குப்பையா?

போகிக்கு இரண்டு நாள் முன்பே பல வீடுகளில் சண்டை தொடங்கிவிடும். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்கு வந்திருப்பான். ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணில் இருப்பதையெல்லாம் கீழே தள்ளுவான். "இதெல்லாம் எதுக்கும்மா? பத்து வருஷமா யாராவது தொட்டீங்களா?" என்பான். அம்மா ஒரு பையை மட்டும் பிடுங்கி மறுபடி உள்ளே வைப்பார். அன்று இரவு வீடு சுத்தமாகியிருக்கும். பேச்சுவார்த்தைதான் நின்றுபோயிருக்கும்!

வீட்டை ஒழுங்குபடுத்த ஒருவருக்கு உதவுவது நல்ல காரியம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உதவி என்ற பெயரில் பல வீடுகளில் நடப்பது வேறு. குப்பையை அகற்றுவது கை வேலை. எது குப்பை என்று தீர்மானிப்பது அந்தப் பொருளுக்கு உரியவரின் உரிமை. முதலாவதைச் செய்ய வந்தவர் இரண்டாவதையும் சேர்த்து எடுத்துக்கொள்வதுதான் பிரச்சினையே.

அமெரிக்காவில் இது ஒரு தொழில். பிறர் வீட்டை ஒழுங்குபடுத்திக் கொடுப்பவர்களுக்கு 1985-லேயே அங்கே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. உலகம் முழுக்க இதைப் பேசவைத்தவர் ஜப்பானைச் சேர்ந்த மேரி கோண்டோ. அவருடைய புத்தகம் 2014-ல் ஆங்கிலத்தில் வந்தது. 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் தொடரும் வந்தது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார், மனதுக்கு மகிழ்ச்சி தந்தால் வைத்துக்கொள், இல்லையென்றால் அதற்கு நன்றி சொல்லி அனுப்பிவிடு என்பது அவர் முறை.

"தூக்கிப் போடு" என்ற பாதியை மட்டும் பலர் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தொடரைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று புரியும். எதை வைப்பது, எதை அனுப்புவது என்று அவர் முடிவு செய்வதில்லை. வீட்டுக்காரர்தான் கையில் எடுக்கிறார், வீட்டுக்காரர்தான் முடிவு சொல்கிறார். வரிசையும் காரணத்தோடுதான் இருக்கிறது. முதலில் துணி, பிறகு புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான்கள். நினைவுப் பொருட்கள் கடைசியில்தான். போகி அன்று ஏறும் மகனோ நேராகக் கடைசியில் இருப்பதிலேயே கை வைக்கிறான்!

தமிழ் வீட்டுப் பரணில் என்னதான் இருக்கும்? காலி ஹார்லிக்ஸ் பாட்டில்கள், மஞ்சப்பைகள், ஒரு கை உடைந்த கொலு பொம்மை, ஓடாத மிக்ஸி, பெயர் வெட்டிய பித்தளைப் பாத்திரங்கள். பழைய பாத்திரக் கடையில் அந்தப் பித்தளைச் சொம்புக்கு எடைக்கு எடை ஒரு விலை கிடைக்கும். அதில் வெட்டியிருக்கும் பாட்டியின் பெயருக்கு எந்தத் தராசிலும் எடை இல்லை. அந்தச் சொம்பு சீராக வந்ததா, யார் மொய்யாக வைத்தது, எந்த நெருக்கடியில் அடகுக்குப் போய்த் திரும்பியது என்பதெல்லாம் அம்மாவுக்கு மட்டுமே தெரியும். கேட்காமல் விற்றால், சொம்போடு அந்தக் கதையும் போய்விடும்.

காலி பாட்டிலுக்கு என்ன கதை என்று கேட்கலாம். அதற்கும் ஒன்று உண்டு. ரேஷன் கடை வரிசையில் நின்று குடும்பம் நடத்திய தலைமுறைக்கு, ஒரு பாட்டிலை எறிவது என்பது நாளைக்கு ஒன்றை விலைகொடுத்து வாங்குவது. "வேணும்னா மறுபடி வாங்கிக்கலாம்" என்பது கையில் காசு இருப்பவர் பேசும் பேச்சு. அந்தத் தைரியம் அம்மாவுக்கு வந்தால்தான் பாட்டில் வெளியே போகும்.

இதற்கு எதிர்வாதமும் இருக்கிறது. எதையுமே எறியாதவரை அப்படியே விட்டுவிடுவதா? நியூயார்க்கில் ஹோமர், லாங்லி காலியர் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். 1947-ல் இருவரும் தங்கள் வீட்டிலேயே இறந்து கிடந்தார்கள். லாங்லி, தான் சேர்த்துவைத்த குவியல் சரிந்து அதன் அடியில் சிக்கி இறந்தார். பார்வையில்லாத, நடக்க முடியாத ஹோமருக்குச் சாப்பாடு கொடுக்க அதன்பின் ஆள் இல்லை. அந்த வீட்டிலிருந்து அகற்றிய சாமான்கள் நூறு டன்னுக்கும் மேல்!

இது சோம்பேறித்தனம் அல்ல, நோய். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேடு, எதையும் விட முடியாமல் சேர்த்துக்கொண்டே போவதைத் தனி மனநலக் கோளாறாகப் பட்டியலிட்டது. பொருளைப் பிரியும்போது ஏற்படும் கடும் மனவேதனை அதன் முக்கிய அடையாளம். அப்படிப்பட்டவர் வீட்டில் அடுப்பைச் சுற்றியும் நடக்கும் வழியிலும் குவிந்திருப்பதை உடனே நகர்த்தியே ஆகவேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் அனுமதிக்குக் காத்திருக்க முடியாது. மற்றபடி அவருக்குத் தேவை மனநல மருத்துவர், லாரி அல்ல. ஆள் இல்லாத நேரத்தில் வீட்டைக் காலி செய்தால் நோய் குணமாகாது. வீடு மறுபடி நிறையும், பிள்ளைகள் மேல் இருந்த நம்பிக்கைதான் போகும்.

அப்படியானால் எப்படி உதவுவது? ஒரே நாளில் முழு வீட்டையும் கவிழ்க்க வேண்டாம். ஒரு மேசை டிராயர் போதும். பாசம் ஒட்டாத பொருளில் தொடங்கலாம். காலாவதியான மாத்திரை, எழுதாத பேனா, மூடி இல்லாத டப்பா... இவற்றுக்காக யாரும் அழமாட்டார்கள். பிறகு மூன்று அட்டைப்பெட்டிகள்: வைத்துக்கொள்ள, கொடுத்துவிட, யோசிக்க. மூன்றாவது பெட்டிதான் முக்கியம். அதன்மேல் தேதி எழுதி ஒட்டிவைத்து ஆறு மாதம் கழித்துத் திறந்தால், பாதிப் பொருட்களை அவரே வெளியே எடுத்துவைக்க வாய்ப்பு உண்டு.

காகிதத்தில் மட்டும் அவசரமே கூடாது. வீட்டுப் பத்திரம், பட்டா, பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், கடன் தீர்ந்ததற்கான கடிதம், ஓய்வூதிய ஆவணம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கவேண்டும். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது தெரியவேண்டும். பழைய செய்தித்தாளோடு சேர்ந்து எடைக்குப் போன பத்திரத்தைத் திரும்பப் பெறுவதற்குள் எத்தனை அலுவலகம் ஏறவேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். ஸ்டூலில் ஏறித் தள்ளினால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை, அருகில் உட்கார்ந்து கேட்டால் ஒரு வாரம் ஆகும். ஆனால் அந்த ஒரு வாரத்தில் அம்மா பேசுவார். எந்தப் பாத்திரம் யாருக்குப் போகவேண்டும் என்பதை அவரே சொல்லிவிடுவார்.

இன்னொரு செய்தி. மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு, வீடு முன்புபோல ஒழுங்காக இல்லை, பிள்ளைகளோடு செலவிடும் நேரமே முக்கியம் என்று 2023-ல் மேரி கோண்டோவே சொன்னார். பலர் சிரித்தார்கள். சிரிக்க என்ன இருக்கிறது? வீடு மனிதர்களுக்காகத்தானே!

அடுத்த போகிக்குப் பரணில் ஏறுவதற்கு முன், கீழே நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே: "அம்மா, இது என்னது?"