யாருடைய குப்பை, யாருடைய பொறுப்பு?

"எனது குப்பை, எனது பொறுப்பு." பேரூராட்சி அலுவலகச் சுவர், பேட்டரி வண்டியின் பக்கவாட்டுத் தகடு, பள்ளிக்கூட மதில் என்று எங்கே பார்த்தாலும் இந்த வாசகம் இருக்கிறது. நல்ல வாசகம்தான். ஒரே ஒரு சந்தேகம். இதில் வரும் 'எனது' யார்?

வீட்டில் குப்பையைப் பிரிப்பவர் பெண். தெருத்தெருவாகப் போய், "அக்கா, மக்குற குப்பையைத் தனியா வைங்க" என்று கெஞ்சுபவர் பெண். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, யாரும் பிரிக்காமல் விட்டதைக் கையால் பிரிப்பவரும் பெண். முதலாமவருக்குக் கூலி கிடையாது. இரண்டாமவருக்குப் பாராட்டுச் சான்றிதழ். மூன்றாமவருக்குக் கூலி என்று சொல்லவே கூசும் ஒரு தொகை. ஒரு சிற்றூரின் மறுசுழற்சித் திட்டம் 'மக்கள் பங்களிப்புடன் வெற்றிநடை போடுகிறது' என்று செய்தி வந்தால், அங்கே பெண்களின் உழைப்பு சும்மாவோ மலிவாகவோ கிடைத்துக்கொண்டிருக்கிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

மறுசுழற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வேலை என்கிறேன். வேலைக்குக் கூலி கேட்கிறேன்.

வீட்டிலிருந்து தொடங்குவோம். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலிருந்து வரும் அபாயகரமான குப்பை என்று மூன்றாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்றன 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். விதியில் ஒரு வரி. சமையலறையில் அது எத்தனை வேலை என்று எண்ணிப் பாருங்கள். பால் கவரைக் கழுவ வேண்டும், காயப்போட வேண்டும். எண்ணெய் பாக்கெட்டைத் துடைக்க வேண்டும். மீன் கழுவிய கழிவு நாறுவதற்குள் வண்டி வர வேண்டும். வராவிட்டால் மூடி வைக்க வேண்டும். நாப்கினைத் தனியாகச் சுற்ற வேண்டும், யார் கண்ணிலும் படாமல். வண்டியின் பாட்டு கேட்டதும் அடுப்பைத் தணித்துவிட்டு இரண்டு கூடைகளோடு வாசலுக்கு ஓட வேண்டும். "குப்பை வண்டி வந்திருக்கு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பதோடு பல வீட்டு ஆண்களின் சுற்றுச்சூழல் பங்களிப்பு முடிந்துவிடுகிறது.

ஒன்றிய அரசின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதை எண்ணிக்கையில் சொல்கிறது. கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். ஈடுபட்டவர்களிலும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிட்டது 299 நிமிடங்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். ஐந்து மணி நேரம் ஏற்கெனவே நிரம்பி வழிகிற ஒருத்தியின் நாளில்தான் நகர நிர்வாகம் தன் வேலையின் முதல் பகுதியைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறது. வேலையை இறக்கிவைத்தது மட்டுமல்ல, பிசகினால் திட்டும் அவளுக்குத்தான். "பொம்பளைங்க ஒழுங்கா பிரிச்சுக் கொடுத்தா ஊர் ஏன் நாறுது?" என்று கூட்டத்தில் பேசுகிற தலைவர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அடுத்தது தெரு. ஒரு சிற்றூரில் இந்தத் திட்டம் தொடங்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். பணியாளர் எண்ணிக்கை போதாது. புதிதாக ஆள் எடுக்க நிதி இல்லை. அப்போது அதிகாரிக்கு நினைவு வருவது மகளிர் சுயஉதவிக் குழு. "குழுவுக்கு ரெண்டு பேர் அனுப்பிவைங்க, காலையில ஒரு ரெண்டு மணி நேரம்தான்." இப்படிப் போகிறவர்களுக்குத் தன்னார்வலர் என்று பெயர்.

தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரியில் தொடங்கியபோது சேமிப்பும் கடனும் அதன் உயிர். கந்துவட்டியிலிருந்து விடுபடப் பெண்கள் கட்டிய அமைப்பு அது. இன்று எந்தத் துறைக்கு ஆள் தேவைப்பட்டாலும் முதலில் தட்டப்படும் கதவு அதுவாகிவிட்டது. பேரணிக்குக் கூட்டம், கணக்கெடுப்புக்கு ஆள், குப்பைக்குப் பிரச்சாரம். குழுவின் அடுத்த வங்கிக் கடனுக்கு யாருடைய பரிந்துரை வேண்டும் என்பது குழுத்தலைவிக்குத் தெரியும். கூப்பிட்ட இடத்துக்குப் போகாத குழுவின் கோப்பு எப்படித் தூங்கும் என்பதும் தெரியும். 'மாட்டேன்' என்று சொல்ல முடியாத இடத்தில் 'தன்னார்வம்' எங்கிருந்து வந்தது?

ஏன் பெண்களையே கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், "அவங்கதான் பொறுப்பா செய்வாங்க" என்று பதில் வரும். பாராட்டு போலவே ஒலிக்கும். ஆண்களின் நேரத்துக்கு விலை உண்டு, பெண்களின் நேரத்துக்குக் கிடையாது என்பதைத்தான் இவ்வளவு நாகரிகமாகச் சொல்கிறார்கள். டீக்கடை பெஞ்சில் காலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் ஆண்களை எந்த அதிகாரியும் தன்னார்வலராக வருமாறு அழைப்பதில்லை.

இனி அந்தத் தகரக் கொட்டகை. வளம் மீட்புப் பூங்கா என்று பலகை இருக்கும். வளம் எங்கே போகிறது என்று பார்க்கலாம். வீட்டில் சேரும் செய்தித்தாள், இரும்பு, பித்தளை, நல்ல அட்டை எல்லாம் பழைய பேப்பர்காரரிடமோ காயலான் கடைக்கோ நேராகப் போய்விடும். விலை போகிற பொருளை யாரும் குப்பை வண்டியில் போடுவதில்லை. வண்டியில் வருவதில் பெரும்பங்கு ஈரக் குப்பை. எடையில் பாதிக்கு மேல் அதுதான். மீதியில் கொஞ்சம் தண்ணீர் பாட்டில், பால் கவர். அதற்கு விலை உண்டு. மற்றதெல்லாம் பிஸ்கட் உறை, சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, தெர்மாகோல். பல அடுக்கு உறைகளைப் பிரித்து மறுசுழற்சி செய்வது லாபமில்லாத வேலை. கட்டுக்கட்டாகச் சேர்த்து சிமென்ட் ஆலைக்கு எரிக்க அனுப்புவார்கள். அதற்கு லாரி வாடகைகூடக் கையிலிருந்து போகும்.

இப்படியிருக்க, "பிரித்த பொருளை விற்று வருகிற பணத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் வருமானம்" என்று பெண்களிடம் சொல்வது என்ன நியாயம்? சுளையைச் சந்தைக்கு விட்டுவிட்டுச் சக்கையைக் காட்டி 'தொழில்முனைவோர்' என்று பட்டம் கட்டுவது அது.

உறையைத் தயாரித்து விற்ற நிறுவனத்துக்குப் பொறுப்பில்லையா? சட்டப்படி உண்டு. உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு என்கிறது பிளாஸ்டிக் கழிவு விதி. ஆனால் 2022-இல் வந்த வழிகாட்டுதலின்படி அதற்கான சான்றிதழை உருவாக்குவது பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலை. நிறுவனம் அந்த ஆலையிடம் சான்றிதழை வாங்கித் தன் கணக்கை நேர்செய்துகொள்ளலாம். கொட்டகையில் அந்த உறையைச் சாம்பாரிலிருந்தும் சாணியிலிருந்தும் பிரித்தெடுத்த கைக்கு அந்தப் பணத்தில் பங்கு கொடுக்கச் சொல்லி எந்தக் கட்டாயமும் இல்லை.

நாப்கின் விஷயம் இதைவிடக் கொடுமை. ஒவ்வொரு நாப்கினையும் சுற்றிப் போட ஓர் உறையைத் தயாரிப்பாளரே தர வேண்டும், அல்லது முழுவதும் மறுசுழற்சிக்கு உகந்த பொருளால் செய்யும் வழியைத் தேட வேண்டும் என்று 2016 விதிகளிலேயே இருந்தது. விளம்பரத்தில் சிறகடிக்கச் சொல்லும் நிறுவனங்கள் இதில் எவ்வளவு அக்கறை காட்டின என்பதைக் கொட்டகையில் போய்ப் பாருங்கள். செய்தித்தாளில் சுற்றியும் சுற்றாமலும் வந்து விழும் நாப்கினைக் கையால் எடுத்து ஒதுக்குவது இன்னொரு பெண். மாதவிடாய் பற்றிய வெட்கத்தை உடைத்துவிட்டோம் என்று எழுதும் நாம், நம் நாப்கினை எடுப்பவரின் கையில் உறை இருக்கிறதா என்று கேட்க ஏன் வெட்கப்படுகிறோம்? கையுறை, முகக்கவசம், மழைக்கோட்டு, தகுந்த காலணி ஆகியவற்றைத் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருந்த கட்டாயம்தான்.

சொற்களைக் கவனியுங்கள். ஊதியம் என்று ஒரு சொல் தமிழில் இருக்கிறது. பெண்கள் வேலை செய்யும் இடங்களில் மட்டும் அது காணாமல் போய் மதிப்பூதியம், ஊக்கத்தொகை என்று உருமாறிவிடும். கிராம ஊராட்சிகளில் குப்பை அள்ளும் தூய்மைக் காவலர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய மாத ஊக்கத்தொகை 2021-இல் 3,600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உயர்த்திய பிறகும் நாளுக்கு 170 ரூபாய் தேறாது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 273 ரூபாய். ஏரியில் மண் வெட்டினால் கூலி. ஊர்க் குப்பையை அள்ளினால் ஊக்கம். "அரைநாள் வேலைதானே" என்பார்கள். அந்த அரைநாள் காலைநேரம். களையெடுப்பும் நாற்று நடவும் வீட்டுவேலையும் கட்டட வேலையும் கூப்பிடுகிற நேரம் அது. அதை எடுத்துக்கொண்டால் ஒரு கூலிக்காரப் பெண்ணின் முழுநாளையும் எடுத்துக்கொண்டதாகத்தான் அர்த்தம்.

இந்தச் சொல்விளையாட்டு புதிதல்ல. அங்கன்வாடிப் பெண்களிடமும் இதைத்தான் ஆடினார்கள். 1975-இல் திட்டம் தொடங்கிய காலத்திலிருந்தே அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது மதிப்பூதியம். பணிக்கொடை கேட்டபோது, நீங்கள் வாங்குவது ஊதியமே அல்ல என்று வாதிட்டது அரசுத் தரப்பு. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மதிப்பூதியம் என்ற பெயரில் கொடுத்தாலும் பணிக்கொடைச் சட்டத்தின்படி அது ஊதியமே, அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. இதை வாங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

அரசுக்குச் சரியான சொல் தெரியாமல் இல்லை. 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது தமிழ்நாடு அரசு. உதவி என்று சொல்லவில்லை. வீட்டில் பெண்கள் கூலியில்லாமல் உழைக்கிறார்கள் என்பதை ஏற்றுக்கொண்ட சொல் அது. வீட்டுக்குள் உரிமையாக இருப்பது வாசலைத் தாண்டியதும் ஊக்கமாகச் சுருங்குவது ஏன்?

இதில் சாதியைப் பேசாமல் கடந்துபோவது நேர்மையாகாது. பெண்கள் எல்லோரும் ஒரே குப்பையை ஒரே விதமாகத் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை டி-சர்ட்டும் தொப்பியும் அணிந்து ஏரிக்கரையில் பாட்டில் பொறுக்கும் பெண் சமூக ஆர்வலர். திங்கட்கிழமை அதே கரையில் அதே பாட்டிலைப் பொறுக்கும் அருந்ததியப் பெண் 'குப்பைக்காரி'. முதலாமவருக்குக் குனிவது ஒரு நாள் அனுபவம். இரண்டாமவருக்கு அது பிறப்போடு ஊர் ஒட்டவைத்த அடையாளம். துப்புரவுப் பணியாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். பெயர் மாறியது, யார் வீட்டுப் பிள்ளைகள் அந்த வேலைக்கு வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மாறவில்லை. தன்னார்வத் தொண்டு என்ற சொல் இங்கே இன்னொரு சேதத்தையும் செய்கிறது. ஒரு வேலையை நாலு பேர் சும்மா செய்ய முன்வந்தால், அதையே பிழைப்பாகச் செய்கிறவர் கூலி உயர்வு கேட்கும்போது, "அவங்க சேவையா செய்றாங்க, உனக்கு என்ன?" என்று கேட்க வழி பிறந்துவிடுகிறது.

கல்லூரி மாணவிகளுக்கு இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் உங்களைத் துடைப்பத்தோடு நிறுத்துவார்கள். போங்கள். ஆனால் துடைப்பத்தோடு ஒரு நோட்டும் எடுத்துப் போங்கள். இந்தத் தெருவுக்கு எத்தனை பணியாளர்? மாதம் என்ன கையில் வருகிறது? வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா, கட்டுகிறார்களா? கொட்டகையில் கழிவறை இருக்கிறதா? குடிதண்ணீர்? ஒரு நாள் பெருக்கிய தெரு மறுநாள் மறுபடி குப்பையாகும். நீங்கள் எழுதிவைத்த கணக்கை அப்படிப் பெருக்கித் தள்ள முடியாது.

"சின்ன ஊர், வரி வருமானம் குறைவு, பணத்துக்கு எங்கே போவது?" என்ற கேள்வி வரும். வண்டி வாங்கப் பணம் வருகிறது, கொட்டகை கட்டப் பணம் வருகிறது, சுவரில் படம் வரையவும் திறப்பு விழாப் பந்தலுக்கும் பணம் வருகிறது. கூலி என்னும்போது மட்டும் பெட்டி காலி. இது பற்றாக்குறையைவிட, எதை முதலில் எழுதுவது என்பதைப் பற்றிய விவகாரம். குப்பைக் கட்டணம் வசூலிக்க உள்ளாட்சிக்கு விதியிலேயே அதிகாரம் இருக்கிறது. பெரிய திருமண மண்டபமும் ஓட்டலும் வணிக வளாகமும் உருவாக்கும் குப்பைக்கு உரிய கட்டணத்தைக் கேட்கத் தயங்குகிறவர்கள், பெண்களிடம் இலவச உழைப்பைக் கேட்கத் தயங்குவதில்லை.

வேறு வழி இருக்கிறது என்பதற்குப் புனே சாட்சி. அங்கே குப்பை பொறுக்கி வாழ்ந்த பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், 1993-இல் முதலில் தொழிற்சங்கம் கட்டினார்கள். நாங்கள் தொழிலாளர்கள் என்று சொல்லி அடையாள அட்டை வாங்கினார்கள். அதன் பிறகே, 2008-இல், ஸ்வச் என்ற தங்கள் சொந்தக் கூட்டுறவின் வழியாக மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை எடுக்கத் தொடங்கினார்கள். வீடுகள் கட்டணம் தர வேண்டும். பிரித்து விற்கும் பொருளின் பணமும் அவர்களுக்கே. நாப்கினைச் சுற்றி மேலே சிவப்புப் பொட்டு வையுங்கள் என்று ஊரையே பழக்கினார்கள். அங்கேயும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் போராட வேண்டியிருக்கிறது. ஆனாலும் வரிசை முக்கியம்: முதலில் சங்கம், பிறகு சேவை. நம் ஊரில் சேவை மட்டும் இருக்கிறது.

சங்கம் இல்லாமலும் இல்லை. 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியைத் தனியாருக்கு விடுவதை எதிர்த்துச் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு இரவு பகலாக உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பதின்மூன்று நாட்கள் கழித்து நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. சிற்றூர்த் தன்னார்வலருக்கு அப்படி உட்காரவும் இடமில்லை. பணியாளரே அல்லாதவர் எந்த வாசலில் போய் வேலைநிறுத்தம் செய்வது?

ஆகவே கேட்க வேண்டியவை இவை. நாள்தோறும் செய்யப்படும் வேலைக்குத் தன்னார்வலர் என்ற பெயர் கூடாது. குழுப் பெண்களை அனுப்பினால் வருகைப்பதிவேடும் குறைந்தபட்சக் கூலியும் வேண்டும்; கடனுக்கும் கூப்பிடுதலுக்கும் முடிச்சுப் போடக் கூடாது. உற்பத்தியாளர் செலுத்தும் பணத்தில் பிரிக்கும் கைக்குப் பங்கு எழுதப்பட வேண்டும். கையுறையும் கழிவறையும் வராமல் கொட்டகைக்குத் திறப்பு விழா கூடாது. வீட்டில் குப்பையைப் பிரிக்க ஆணுக்கும் பையனுக்கும் கை இருக்கிறது. அந்தக் கையைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

அடுத்த முறை பாராட்டு விழாவுக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்த வந்தால், கையை நீட்டுங்கள். பொன்னாடை தோளுக்கு. கூலி கைக்கு.