பறக்கும் தட்டும் பதிவேடும்

பறக்கும் தட்டுக்களைப் பற்றிய வாதம் எங்கு எழுந்தாலும் 701 என்ற எண் தலைகாட்டாமற் போவதில்லை. அமெரிக்க விமானப்படை 1947 முதல் 1969 வரை திரட்டிய விசித்திர வானக் காட்சிகள் 12,618. இறுதியில் ‘நீலப் புத்தகத் திட்டம்’ எனப் பெயர்பெற்ற அவ்வாராய்ச்சி மூடப்பட்டபோது, அவற்றுள் 701 இன்னவென்று துணியப்படாமலே நின்றன. வேற்றுலகத்தார் வந்துபோயினர் என நம்புவோர் இவ்வெண்ணைச் சான்றாகக் காட்டுவர்; நம்பாதோர் பிழைமலிந்த ஏட்டின் எச்சம் எனத் தள்ளிவிடுவர். இரு சாராரும் எண்ணைப் படித்தனரேயன்றிப் பதிவேட்டைப் படித்தாரல்லர் என்றே நான் கருதுகின்றேன்.

அப்பதிவேட்டின் கதை ஓர் உவமையோடு தொடங்குகின்றது. 1947 யூன் 24 அன்று கெனத் ஆனல்ட் என்பார் தமது சிறு விமானத்தில், வோஷிங்டன் மாநிலத்து றேனியர் மலையருகே பறந்துகொண்டிருந்தபோது, ஒளிவீசும் ஒன்பது பொருள்கள் விரைந்து செல்லக் கண்டார். நீர்ப்பரப்பில் வீசியெறிந்த தட்டுத் தத்திச் செல்வதுபோல அவை சென்றன என்று அவர் கூற, பத்திரிகைகள் ‘பறக்கும் தட்டு’ என்று பெயர்சூட்டின. ஓட்டத்தைக் குறித்தே தாம் அவ்வாறு சொன்னதாக ஆனல்ட் பின்னர் விளக்கினார். தொல்காப்பியர் உவமத்தை வினை, பயன், மெய், உரு எனப் பகுத்ததை நம் மாணவர் அறிவர். வினையுவமம் ஒன்றை மெய்யுவமமாகக் கொண்ட தவறு இது! (இலக்கணம் கற்பதால் என்ன பயன் என்று கேட்கும் மாணவருக்கு இதனினும் நல்ல விடை எனக்குத் தெரியாது.) அவ்வாண்டின் கோடை முடியுமுன்னரே தட்டுக் கண்டோர் நூற்றுக்கணக்கிற் பெருகினர். ஆகவே, ‘வடிவம்’ என்ற பகுதியிற் பதியப்பட்டிருப்பது வானம் மட்டுமன்று. பத்திரிகையும் அங்கே பதிந்திருக்கின்றது.

விமானப்படைக்காகப் பற்றெல் நிறுவனம் செய்து, 1955இல் வெளியிடப்பட்ட ஆய்வு இன்னுஞ் சுவையானது. 3,201 அறிக்கைகளின் நிறம், வடிவம், வேகம், ஒளி, கால அளவு முதலியன துளையிட்ட அட்டைகளில் ஏற்றப்பட்டுப் பொறியினால் எண்ணப்பட்டன. அறிக்கை எவ்வளவு தரமானதோ அவ்வளவுக்கு ‘இனந்தெரியாதவை’யின் வீதமும் கூடியது, மிகச் சிறந்த அறிக்கைகளில் அது மிகத் தாழ்ந்தவற்றிலும் ஏறத்தாழ இருமடங்கு. நல்ல சாட்சி சொல்வதே விளங்கவில்லையெனில் வானில் ஏதோ உண்டு என்று எண்ணத் தோன்றும். நானும் முதலில் அவ்வாறே வியந்தேன். ஆனால் அந்த ஆய்வில் ‘தகவல் போதாது’ என்று இன்னொரு பிரிவும் உண்டு. தரங்குறைந்த அறிக்கைகள் இயல்பாகவே அப்பிரிவிற் சென்று விழும். ‘இனந்தெரியாதவை’ என்ற பிரிவுக்கு வருவன அதனாற் குறையும். வேறுபாடு முழுவதையும் இது விளக்கிவிடும் என்று சொல்லேன். ஆயினும், பகுத்தவர் கை அவ்வீதத்திற் படிந்திருக்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை.

பகுத்தவர் அறியாததைப் பதிவேடும் அறியாது. 1948 சனவரி 7 அன்று கென்ரக்கி மாநிலத்தில், ஓர் ஒளிப்பொருளைத் துரத்தி உயரப் பறந்த விமானி கப்டன் தோமஸ் மன்ரெல் விமானம் வீழ்ந்து மாண்டார். அவர் கண்டது வெள்ளிக் கோள் என்று முதலில் விளக்கினர். பிற்காலத்தார் பலரும் ஏற்ற விளக்கமோ, கடற்படையின் ‘ஸ்கைஹூக்’ என்னும் பெரும் பலூன். அத்திட்டம் அந்நாளில் இரகசியமாயிருந்தமையால் விசாரித்தோருக்கே அது தெரியாது. மறுபுறத்தில், திட்டத்தின் வானியல் ஆலோசகராயிருந்த அலன் ஹைனெக் வேறொரு குறையை எடுத்துக்காட்டினார்: ‘பலூனாக இருக்கலாம்’ என எழுதப்பட்டவை ஆண்டுக் கணக்கிற் ‘பலூன்’ ஆகிவிட்டன. ‘இருக்கலாம்’ என்ற ஒரு சொல் உதிர்ந்தமையால் ஐயம் துணிபாயிற்று. எனவே 701 என்பது மிகையாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம்.

இத்தகைய ஏட்டை எறிந்துவிடலாமா? கூடாது என்பேன். செல்லரித்த சுவடியைப் பதிப்பிப்போர் பிழை உண்டென்பதற்காக அதனைக் கைவிடுவதில்லை. எழுதியவர் யார், எதைப் பார்த்து எழுதினார், எங்கே தம் சொல்லைப் புகுத்தினார் என்று ஆராய்ந்து பிற பிரதிகளோடு ஒப்புநோக்குவர். வானக் காட்சிகளுக்கும் அத்தகைய ஒப்புநோக்கு உண்டு. வெள்ளி எந்த மாலையில் எத்திசையில் நின்றது என்பதை இன்றுங் கணிக்கலாம். 1957இன் பின்னர் செய்மதிகளின் பாதைகளும் உள. 2019 முதல் தொகுதி தொகுதியாக ஏவப்படும் ஸ்ரார்லிங் செய்மதிகளை ஒளித்தொடராகக் கண்டு அறிவித்தோர் பலர்; நாளும் நேரமும் செம்மையாக எழுதப்பட்டிருப்பின் ஒரு மாணவனே அவற்றைப் பிரித்தெடுத்துவிடுவான். மக்கள் எப்போது வானை நோக்குகின்றனர், ஒரு செய்தி எவ்வாறு பரவுகின்றது என்பவற்றுக்கும் இவ்வேடுகள் விடை தரும். வேற்றுலகத்தார் எத்தனை முறை வந்தனர் என்று கேட்டால் அவை மௌனஞ் சாதிக்கும். அது கேட்டவர் குற்றம்.

நாசா அமைத்த ஆய்வுக்குழு 2023இல் வெளியிட்ட அறிக்கையிலும், தரவுகளின் தரக்குறைவும் ஏளனத்துக்கு அஞ்சிச் சாட்சிகள் வாய்திறவாமையும் குறைகளாகச் சொல்லப்பட்டன. நீலப் புத்தகத் திட்டத்தின் கோவைகள் 1976இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தபோது, சாட்சிகளின் பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தன. அவர்கள் பட்ட நகைப்பை எண்ணின் அதனை நான் குறைகூறேன். ஆனால், பெயரில்லாத அச்சாட்சியிடம் திரும்பச் சென்று, ‘தட்டு என்னுஞ் சொல்லை முன்னரே பத்திரிகையிற் படித்திருந்தீரா?’ என்று இனி எவர் கேட்பது?