மாலை போட்டவருக்குச் சமைப்பது யார்?

தோழர்களே, கார்த்திகை பிறந்தா குற்றாலம் அருவியில் ஐயப்ப சாமிமார் கூட்டம்தான். அந்தச் சாமிக்கு விடியுமுன் குளிச்சுச் சமைக்கிறது யாரு? மாதவிலக்குன்னா ஒதுங்கிப் படுக்கிறது யாரு?

2021-ல் ஜியோ பேபி எடுத்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' மலையாளப் படம் கேட்டது இதைத்தான். விரதத்திலிருக்கும் புருசன், மாமனார் மேல் அழுக்குத் தண்ணியை ஊத்திட்டு வீட்டை விட்டே கிளம்புறா அந்த மருமக. 2023-ல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிப்பில் தமிழிலும் வந்தது. பக்தியைக் கேவலப்படுத்துதுன்னு சொல்றவங்களே, அவளுக்குக் கோபம் சாமி மேல இல்லை.

படத்தில் அவள் வேலைக்குப் போகத் தடை. நம்ம கடையம், ஆலங்குளம் பக்கம் பீடி சுத்துற அக்காமார் சம்பாதிக்கிறாங்க. அடுப்படியும் அவங்க தலையிலதான்.

ஆண் தோழர்களே, நேத்து ராத்திரி நீங்க சாப்பிட்ட தட்டைக் கழுவினது யாரு?