சிறார் எலும்பும் சர்க்கார் வைத்தியசாலையும்

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் கிரிவலம் வருகிறார்கள். ரமணாசிரமத்தைக் கடந்து செல்லும் அக்கூட்டத்தில் தகப்பனார் தோளில் அமர்ந்து வரும் குழந்தைகளையும் காணலாம். 14 கிலோமீட்டர் நடக்கச் சிறு கால்களுக்குச் சக்தியில்லாதது இயற்கையே. இயற்கையல்லாத விஷயம் ஒன்றுண்டு. பத்து வயதுக்குள் இருமுறை கை கால் எலும்பு முறிந்த குழந்தையைக் கண்டும், “துஷ்டப் பிள்ளை, விழுந்துவிட்டான்” என்றோ, “கண் பட்டுவிட்டது” என்றோ கூறிக் கட்டுப் போடுவதோடு நின்றுவிடுகிறோம். காரணத்தைத் தேடுவாரில்லை.

எலும்புத் தேய்மானம் கிழவர்களின் வியாதி என்பது நம்மவர் எண்ணம். அது தவறு. வலுத்த அடி ஏதுமின்றிக் குழந்தையின் முதுகெலும்பு நசுங்கியிருந்தால் அதுவே ஆஸ்டியோபோரோசிஸ் என வைத்தியர்கள் தீர்மானிக்கிறார்கள். பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் தன்மை, ரத்தப் புற்றுநோய், தலசீமியா, நடக்க இயலாத ஊனம் ஆகியவை இதற்குக் காரணங்கள். மாதக்கணக்கில் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்தும் எலும்பை அரிக்கும். அம்மருந்தால் முதுகெலும்பு நசுங்குவது பெரும்பாலும் முதல் வருஷத்திலேயே நேர்கிறது. வலிகூடத் தெரியாமல் நேர்வதும் உண்டு. ஆகவே இம்மருந்து நீண்டகாலம் உண்ணும் குழந்தைக்கு முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம். அந்த யந்திரம் எந்த ஜில்லா வைத்தியசாலையில்தான் இல்லை?

சிகிச்சையும் புதிதன்று. கானடா தேசத்து மாண்ட்ரீல் நகரில் டாக்டர் குளோரியூவும் அவருடைய சகாக்களும், எலும்பு நொறுங்கும் 30 குழந்தைகளுக்குப் பாமிட்ரோனேட் என்ற மருந்தை ரத்தக்குழாய் வழியே செலுத்தி, முறிவுகள் குறைந்ததை 1998இல் வெளியிட்டார்கள். இன்று ஜோலெட்ரோனிக் அமிலத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு மணிக்கும் குறைந்த நேரத்தில் ஏற்றிவிடலாம். முதலில் வைட்டமின் டி, கால்சியம் குறையைத் தீர்க்க வேண்டும். இல்லையேல் ரத்தத்தில் கால்சியம் சட்டென இறங்கும். வளரும் வயதாகையால், நசுங்கிய முதுகெலும்பு மீண்டும் உருப்பெறவும் கூடும். கிழவர்களுக்குக் கிட்டாத பாக்கியம் இது! அதற்காக, ஸ்கானில் ஓர் எண் குறைந்ததென்ற காரணத்தால் ஆரோக்கியமான பிள்ளைக்கு இம்மருந்தைக் கொடுப்பதை நாம் ஆதரிக்கவில்லை.

மத்திய சர்க்கார் 2021இல் வெளியிட்ட அபூர்வ நோய்க் கொள்கையில், பிறவியில் எலும்பு நொறுங்கும் நோயும் அதற்கான இச்சிகிச்சையும் இடம் பெற்றன. மிகவும் நல்லது. ஆனால் உதவிக்காக அப்பொழுது குறிக்கப்பட்ட எட்டு நிலையங்களில் தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. நமக்குச் சமீபத்தில் இருந்தது பெங்களூர்தான். தொட்டால் முறியும் குழந்தையைப் பஸ்ஸில் ஏற்றிச் சுமார் 200 கிலோமீட்டர் கொண்டுபோகச் சொல்வது எவ்வகை நியாயம்? கொள்கை வகுத்தவர்கள் அந்தப் பஸ்ஸில் ஒருநாள் பிரயாணம் செய்து பார்க்கட்டும்.

ஆகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், வளரிளம் பருவத்தினரில் 24 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி குறை காணப்பட்டது. வெயில் சுட்டெரிக்கும் தேசத்தில் இந்த நிலை! பிள்ளைகளைக் காலை முதல் மாலை வரை வகுப்பறையில் அடைத்து வைத்தால் வேறென்ன ஆகும்? 13 வயதுப் பிள்ளைக்குத் தினம் 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்தளவுகூட இல்லை. கேழ்வரகுக் களியைக் கேவலமென்று தள்ளிய நாம், டப்பா மாவுக்குக் காசைக் கொட்டுகிறோம். தமிழக சர்க்கார் 2023இல் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களில் ரேஷனில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கிற்று. அத்தானியம் பள்ளிப் பிள்ளைகளின் தட்டுக்கு எல்லா ஜில்லாக்களிலும் வர வேண்டும்.

திருவண்ணாமலை முதலிய ஒவ்வொரு ஜில்லா வைத்தியசாலையிலும் அடிக்கடி எலும்பு முறியும் சிறாருக்கென ஒரு பதிவேடு வைக்கப்படட்டும். வாரத்தில் ஒருநாள் அவர்களைப் பரிசோதிக்க ஒதுக்கப்படட்டும். மருந்து அங்கேயே ஏற்றப்படட்டும். தேச ஊழியர்களும் சும்மா இருத்தலாகாது. தத்தம் கிராமத்தில் இரண்டாம் முறை கட்டுப் போட்டுக்கொண்ட குழந்தையைக் கண்டால், அதன் தாயாரை வைத்தியசாலைக்கு அழைத்துப்போய், முதுகையும் எக்ஸ்ரே எடுக்கும்படி கேட்க வேண்டும்.