கிராமத்துக்கு மட்டும் கட்சி ஆகாதா?

கிராமத்தில் கட்சி புகுந்தால் ஊர் ஒற்றுமை கெட்டுவிடும் என்ற வாதம் நம் நாட்டில் புதியதல்ல. ஜயப்பிரகாஷ் நாராயண் கட்சியற்ற ஜனநாயகத்தை உளத்தூய்மையோடு பேசினார். ஆனால் இன்று இந்த வாதத்தை உரக்கப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவரைப் போன்றவர்கள்தானா?

தமிழ்நாட்டின் ஏற்பாடே விசித்திரமானது. 2019 டிசம்பரில் நடந்த ஊரக ஸ்தல ஸ்தாபனத் தேர்தலைப் பாருங்கள். ஒரே வாக்குச் சாவடியில் ஒரே வாக்காளருக்கு நான்கு ஓட்டுகள். ஜில்லா பஞ்சாயத்துக்கும் ஒன்றியத்துக்கும் கட்சிச் சின்னம். ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் பூட்டு சாவி போன்ற சுயேச்சைச் சின்னம். நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் கட்சி உண்டு. ஆக, பேரூராட்சி எல்லைக்கு உள்ளே இருப்பவர் கட்சி பார்த்து ஓட்டுப் போடலாம். எல்லைக்கு வெளியே இருப்பவர் அப்படிப் போட்டால் ஊர் கெட்டுவிடுமாம்!

சின்னத்தை எடுத்துவிட்டால் அரசியல் போய்விடுமா? இல்லவே இல்லை. அபேட்சகர் எந்தக் கட்சிக்காரர் என்பது டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். ஓட்டுச் சீட்டுக்கு மட்டும் தெரியாது. கட்சி விலகி நிற்கும் இடத்தில் சாதியும் பணமும் உட்கார்ந்துகொள்கின்றன. கோயில் நிதிக்கு அதிகம் தருகிறவருக்கே தலைவர் பதவி என்று ஏலம் விட்ட செய்திகளை நாம் படிக்கவில்லையா? அந்த ஏலத்தில் நிலமற்ற கூலிக்காரர் குரல் கொடுக்க முடியுமா? அதற்கும் "ஊர் ஒற்றுமை" என்றுதான் பெயர்!

மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-ல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுக் காலம் அந்த நாற்காலியில் நிலைத்து உட்கார ஒருவரையும் விடவில்லை. வேட்புமனு கொடுக்க ஆளில்லை. ஜெயித்தவரும் உடனே ராஜினாமா செய்தார். 2006 அக்டோபரில்தான் நிலைமை மாறியது. அதே ஜில்லாவின் மேலவளவில் தலைவர் முருகேசனும் அவருடன் வந்தவர்கள் சிலரும் 1997 ஜூன் 30-ந் தேதி வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இங்கெல்லாம் ஓட்டுச் சீட்டில் எந்தக் கட்சியின் சின்னமும் இல்லை. ஊர் ஒற்றுமை எங்கே போயிற்று?

ஒதுக்கீட்டில் வந்த தலைவர் தனியாக ஜெயிக்கிறார், தனியாகவே நிற்கிறார். ஊராட்சிக் காசோலையில் துணைத் தலைவரின் கையெழுத்தும் வேண்டும். ஆதிக்க சாதித் துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால், அவரைக் கூப்பிட்டுக் கேட்க ஒரு கட்சி உண்டா? கட்சிச் சின்னத்தில் வந்தவராயிருந்தால் அந்தக் கட்சி மக்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சாதிக் கூட்டத்துக்குக் கொள்கை அறிக்கையும் இல்லை, பதில் சொல்லும் கடமையும் இல்லை.

கட்சிகள் பஞ்சாயத்துத் தேர்தலில் பகிரங்கமாகப் பங்கு கொள்ளலாம் என்று அசோக் மேத்தா கமிட்டி 1978-லேயே சொல்லிவிட்டது. அதே ஆண்டு மேற்கு வங்கத்தில் கட்சி அடிப்படையில் மூன்றடுக்குத் தேர்தல் நடந்தது. கேரளத்தில் கிராமப் பஞ்சாயத்து வரை கட்சிச் சின்னம் உண்டு.

சின்னம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. 2018-ல் அதே மேற்கு வங்கத்தில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் போட்டியே இல்லாமல் போயின. ஆளும் கட்சியின் அடாவடியை எதிர்த்து மனுப் போடும் உரிமையைக் காப்பது வேறொரு போராட்டம். அதைக் காட்டி, கிராமத்து மக்களின் அரசியல் உரிமையைப் பறிக்கலாகாது.

கட்சியில் இல்லாத நல்லவர்கள் என்ன செய்வார்கள் என்று சிலர் கேட்கலாம். நகராட்சியில் என்ன செய்கிறார்களோ அதையே செய்யலாம்: சுயேச்சையாக நிற்கலாம். வரும் தேர்தலுக்கு முன் சர்க்கார் சட்டத்தைத் திருத்தட்டும். தலைவர், வார்டு உறுப்பினர் சீட்டுகளிலும் கட்சிச் சின்னம் அச்சாகட்டும்.