கோச் அண்ணனுக்குக் கொஞ்சம் தவணை கொடுங்கள்



பந்து விளையாடுகிற பிள்ளைகளுக்கு எந்தத் தேயிலைத் தோட்டத்திலும் குறைவில்லை. பின்னேரத்தில் அவர்களைக் கூட்டிவைத்து ஓடவிடுகிற அண்ணனுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம்? 'வேலைவெட்டி இல்லாதவன்'! தீபாவளி மெட்ச்சில் தோற்றுவிட்டால், 'அவன மாத்துங்கப்பா' என்றும் சொல்வோம்.

தோற்ற கோச்சை மாற்றாமல் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். செனகல் நாட்டு உதைபந்தாட்ட வீரர் அலியு சிசேயைப் பலருக்கும் தெரிந்திருக்கும். 2002 பெப்ரவரியில் நடந்த ஆபிரிக்கக் கிண்ண இறுதிப் போட்டி பெனால்டி வரை போனது. செனகலின் கடைசி உதை அணித்தலைவரான இவருக்கு. கோல் விழவில்லை, கிண்ணம் கமரூனுக்குப் போய்விட்டது. மே மாதம் அதே தலைவரோடு உலகக் கிண்ணத்துக்குப் போன செனகல், நடப்புச் சம்பியன் பிரான்ஸை 1-0 என்று தோற்கடித்தது. செப்டெம்பரில் செனகலின் ஜூலா பயணிகள் கப்பல் கவிழ்ந்தது. இறந்துபோன 1,800க்கும் மேற்பட்டவர்களில் சிசேயின் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். ஒரே வருடத்தில் ஒரு மனிதனுக்கு இத்தனை!

2015இல் தேசிய அணிக்கு கோச் ஆனார். 2019இல் ஆபிரிக்கக் கிண்ண இறுதி வரை வந்து, அல்ஜீரியாவிடம் தோற்றார். நம்மூராக இருந்தால் அன்றிரவே கூட்டம் போட்டு அனுப்பியிருப்போம், இல்லையா? செனகல் அனுப்பவில்லை.

2022 இறுதிப் போட்டியில் எதிரணி எகிப்து. ஏழாவது நிமிடத்திலேயே செனகல் வீரர் சாடியோ மானே பெனால்டியைக் கோட்டை விட்டார். 120 நிமிடமும் கோல் இல்லை. மறுபடி பெனால்டி. வெற்றியைத் தீர்மானிக்கும் உதைக்கு யார் வந்தார் தெரியுமா? அதே மானே. இந்த முறை பந்து வலைக்குள். செனகலுக்கு முதல் ஆபிரிக்கக் கிண்ணம். தவறவிட்டவனை மறுபடி நம்புவதற்கு, தானும் ஒருநாள் தவறவிட்ட கோச் வேண்டும் என்றே நினைக்கிறேன்.

ஆட்டக்காரர் ஒருவர் கோச்சாகித் தேசிய அணி வரை போனதற்கு நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. டாக்கா அபஹானி கழகத்துக்கு ஆடிய பக்கீர் அலி, பிறகு கோச்சாகி, 2018இல் இலங்கை அணியையே பொறுப்பெடுத்தார்.

நம் கோச் அண்ணனின் கதை வேறு. பிள்ளைகளை ஹட்டன் டன்பார் மைதானத்துக்கு மெட்ச்சுக்குக் கூட்டிப்போகும் நாளில் அவருக்குப் பேர் விழாது. அன்றைய சம்பளம் போச்சு. பஸ் காசும் பல சமயம் அவர் பையிலிருந்துதான். வீட்டில் அம்மாவின் ஏச்சு வேறு! ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் கோச் சான்றிதழ்கள் 'டி' தரத்திலிருந்தே ஆரம்பிக்கின்றன. அந்தப் பயிற்சிக்குப் போய்வர அவருக்குத் தோட்டத் துரையிடம் லீவு வாங்கிக் கொடுப்பதும், வழிச்செலவுக்கு நாலு வீடு சேர்ந்து காசு போடுவதும் நம்மால் முடியாத காரியமா?

உங்கள் தோட்டத்து கோச் அண்ணனைப் பற்றி எழுதி அனுப்புங்கள். தோற்ற மெட்ச்சுகளையும் விடாமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்